பின்னட்டையில் இருக்கும் மைத்துனருக்கு

என் மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் ஒரே தங்கையின் கணவன் வணக்கம் சொல்லி எழுதுவது.

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், கடை நேரத்துக்குத் திறக்கிறது. உங்கள் முழங்காலைப் பற்றி உங்கள் வீட்டு அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், மாடிப்படி மட்டும்தான் கஷ்டம் என்றார். என் குரலைக் கேட்டதும் நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கடிதத்தை வைத்துவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும் அல்லவா.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம், உங்களுக்குத் தெரியும். விஷயம் இரண்டு. அந்தக் கொலைகாரர் நீங்கள் இல்லை. நீங்கள் பழையபடி காலை ஏழு மணிக்கு உங்கள் தங்கையைக் கூப்பிட வேண்டும். இனி வருவதெல்லாம் விளக்கம்.

முப்பத்தொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் ஏழு மணிக்குக் கூப்பிட்டவர் நீங்கள். என்னதான் பேசுகிறீர்கள் என்று நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். "எந்திரிச்சாச்சா?" "ஆச்சுண்ணே." "தண்ணி வந்துச்சா?" "வந்துச்சுண்ணே." "சரி, வெச்சிடறேன்." நாற்பது விநாடியைத் தாண்டியதில்லை. இதற்கு எதற்கு ஒரு போன், தண்ணீர் வராத அன்று மட்டும் கூப்பிட்டால் போதாதா என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது நின்று மூன்று மாதம் ஆகிறது மச்சான். இப்போதும் அவள் ஆறு ஐம்பத்தைந்துக்கு டீயை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். மடியில் என் புத்தகம் இருக்கும். ஏழேகால் வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டுவதில்லை. திட்டினாலாவது பதில் சொல்லலாம். "நீயே கூப்பிடேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "இல்ல, அண்ணன்தான் கூப்பிடணும்" என்கிறாள். அவ்வளவுதான். டீ பாதி ஆறிப்போய்க் கிடக்கிறது. நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன் நான், முறைத்துக்கொண்டு போன எத்தனையோ வாடிக்கையாளரை இழுத்துப் பிடித்திருக்கிறேன். சொந்த வீட்டில் அந்த இருபது நிமிடத்தைக் கடக்க எனக்குத் தெரியவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை நீங்கள் ஒழுங்காகக் கேட்டதில்லை. பையன் கடையைக் கையில் எடுத்துக்கொண்டதும் முதல் வேலையாக எனக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டு, "அப்பா, நீங்க இனிமே உட்காருங்க" என்றான். தள்ளுவண்டியில் பூட்டும் தாழ்ப்பாளும் விற்று மேலே வந்தவனை உட்காரச் சொல்வதைவிட ஒரு தண்டனை கிடையாது. கையும் காலும் சும்மா இருக்கிறது, நாற்காலி மட்டும் சுற்றுகிறது. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், யாரோ ஒரு வாடிக்கையாளர் கல்லாப் பக்கம் மறந்து விட்டுப்போன துப்பறியும் கதை ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அதில் ஒருவன் ஆறு லீவர் பூட்டை ஒரு கொண்டை ஊசியால் எட்டு விநாடியில் திறக்கிறான். அந்த மாதிரிப் பூட்டைச் சரியான சாவியைப் போட்டே திறக்க முடியாமல் கடை வாசலில் நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தில் கதவைக் கீலோடு கழற்றுகிறார்கள், கீல் எந்தப் பக்கம் என்று எழுதினவருக்கே தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, "இதைவிட நான் நல்லா எழுதுவேன்டா" என்றேன். பையன் கணினியைவிட்டுத் தலையைத் தூக்காமலே, "எழுதுங்கப்பா, உட்கார்ந்துக்கிட்டே பண்ற வேலைதானே" என்றான். தொல்லை விட்டது என்று அவன் சொன்னதை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுதுவதற்குச் சரக்கு என்னிடம் ஏராளம். ஒருவர் என்ன வாங்குகிறார் என்பதைப் பார்த்தால் அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். படுக்கையறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் கேட்டு வருகிறவர் வீட்டில் உறவினர் வந்து தங்கியிருக்கிறார், எப்போது கிளம்புவார் என்று தெரியவில்லை. ஒரே பெட்டிக்கு இரண்டு பூட்டு வாங்குகிறவர்கள் கூடப் பிறந்தவர்கள். சட்டைப்பையில் பழைய திருகாணி ஒன்றை வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவர், "ஆள் எதுக்கு, நானே மாட்டிடறேன்" என்று மனைவியிடம் காலையில் சொன்னவர். கயிறு வாங்க வந்து எத்தனை அடி என்று தெரியாமல் முழிக்கிறவரைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். நீளம், கனம், முடிச்சு எல்லாம் யோசித்துவிட்டு வருகிறவரைத்தான் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பேன், பெரும்பாலும் அவர் கொடி கட்டித் துணி காயப்போடுகிறவராகத்தான் இருப்பார். இப்படி நாற்பது வருடம் பார்த்ததைக் கொட்டி எழுதினேன். ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் தன் கிடங்குக்குள் இறந்து கிடக்கிறார், கிடங்கு வெளியே பூட்டியிருக்கிறது. கதையை ஓர் இரும்புக்கடைக்காரர் சொல்கிறார். வேறு ஆள் மாதிரி வேஷம் போட எனக்கு வராது என்பதால் முதல் வரியிலிருந்தே "நான்", "நான்" என்று எழுதிக்கொண்டு போனேன். காவல்துறை அதிகாரி தினம் கடைக்கு வந்து என்னிடம் பூட்டைப் பற்றிச் சந்தேகம் கேட்பார். கடைசியில் கொலை செய்தது அந்த ஒப்பந்தக்காரரின் மூத்த மைத்துனர் என்று முடித்தேன். ஏன் மைத்துனர் என்றால், வீட்டுக்குள் கேட்காமல் வந்து போகிற ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். உங்கள் முகம் அப்போது என் மனதில் வரவே இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. டெலிவரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தள்ளியதையெல்லாம் உங்கள் தங்கைதான் நீளநோட்டில் திருத்தமாக நகல் எடுத்தாள். இந்த மாதிரிக் கதைகள் நூற்றுக்கணக்கில் படித்தவள் என்பது உங்களுக்கே தெரியும், வாடகை நூலகத்துக்கு அவளைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனதே நீங்கள்தானாமே. எழுதிக்கொண்டே இடையிடையே கேட்பாள். "சுத்தியல் எந்தத் தட்டுல இருந்துச்சு?" "மேல் தட்டுல." "அது கடையில இருக்கிறவங்களுக்குத்தானே தெரியும்?" "ஆமா." "மறுசாவி யாரு செஞ்சு குடுத்தது?" "கடையிலதான்." "ம்." கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது, "எனக்கு இதுல ஒண்ணு சரியாப் படலைங்க" என்றாள். "எது?" என்றேன். "ஒண்ணுமில்ல, நான் பார்த்துக்கறேன்" என்றாள். எழுத்துப்பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பதிப்பாளரின் அலுவலகம் ஒரு நகலகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. நாற்காலிகள் எல்லாவற்றிலும் புத்தகக்கட்டு, அவர் மட்டும் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "எத்தனை பக்கம்?" என்றார். "முந்நூறு வரும். அதுல எழுபது பக்கம் கீல்" என்றேன். "கீல்னா?" "கதவுக் கீல்." "அதுக்கும் கொலைக்கும் என்ன சார் சம்பந்தம்?" "கதவு எந்தப் பக்கம் திறக்கும்கிறதே கீலை வெச்சுத்தான்." "அதுக்கு எழுபது பக்கமா?" பேரம் பேசி ஒன்பது பக்கத்துக்குக் கொண்டுவந்தார். நானும் சும்மா விடவில்லை, பூட்டு முழுசாக இருக்க வேண்டும் என்று நின்று வாங்கினேன். நோட்டைக் கையில் எடை போட்டுப் பார்த்தாரே தவிர, திறக்கவில்லை. "படிச்சுப் பார்க்கலையா?" என்றதற்கு, "படிக்க ஆரம்பிச்சா எப்ப சார் புத்தகம் போடறது" என்றார். நியாயமாகத்தான் பட்டது, நானும் கடையில் இருக்கிற பெயின்டை எல்லாம் அடித்துப் பார்த்தா விற்கிறேன்.

அட்டை ஓவியர் கோடரியை வரைந்து கொண்டுவந்தார். "தம்பி, கதையில சுத்தியல். புத்தகத்துக்குப் பேரே 'ஒரு கிலோ சுத்தியல்'" என்றேன். "கோடரியிலதான் சார் பளபளப்பு வரும்" என்றார். மறுநாள் நம் கடையிலிருந்து ஒரு சுத்தியலைத் துடைத்து எடுத்துப் போய், வெளிச்சத்தில் காட்டி, "பாருங்க, பளபளக்குதா இல்லையா?" என்றேன். "நல்லாத்தான் சார் இருக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அட்டையில் கோடரிதான் வந்தது. சுத்தியல் இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது.

இனிமேல்தான் வம்பு. பதிப்பாளர் ஒரு நாள் அவசரமாகப் போன் செய்து, "பின்னட்டைக்குப் பத்து வரி எழுதி அனுப்பிடுங்க சார், உள்ள என்ன இருக்குன்னு வாங்கறவனுக்குத் தெரியணும். நான் ஒரு வாரம் ஊர்ல இல்ல" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டும்! மச்சான், நம் கடைக்கு வந்தபோது நீங்களே பார்த்திருக்கிறீர்கள். திருகாணிப் பெட்டிக்கு வெளியே அதே திருகாணி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருப்போம், கீல் பெட்டிக்கு வெளியே ஒரு கீல் தொங்கும். ஏணி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, கையை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. வெளியே ஒன்று, உள்ளே நூறு, இரண்டும் ஒன்றாக இருக்கும். என் கடையில் வெளியே ஒன்று ஒட்டி உள்ளே வேறு வைத்தார்கள் என்று இன்றுவரை ஒருவர் சொன்னதில்லை. அந்த நாணயத்தோடு பின்னட்டைக்கு எழுதினேன்: "கட்டட ஒப்பந்தக்காரர் பூட்டிய கிடங்குக்குள் இறந்து கிடக்கிறார். கொன்றவர் அவருடைய மூத்த மைத்துனர். ஆயுதம்: சுத்தியல், ஒரு கிலோ, மரக் கைப்பிடி. உள்ளே நுழைந்த விதம்: மறுசாவி. அனைத்தும் உள்ளே விரிவாக உள்ளது. 212 பக்கம். தையல் கட்டு. உறுதியானது." உங்கள் தங்கைதான் இதையும் நகல் எடுத்தாள். படித்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "இப்படியே போகட்டுமா?" என்றாள். "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி உறையில் போட்டு ஒட்டினாள். பிழை திருத்தும் அம்மாவும் போனில் கேட்டார்: "சார், உள்ளயும் படிச்சேன், பின்னட்டையும் படிச்சேன். நிச்சயமா இப்படித்தான் வரணுமா?" "என் சரக்கு எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பெரிய ஆள் சார் நீங்க" என்றார். முதல் பாராட்டு என்று வீட்டில் சொன்னேன்.

அடுத்தது புகைப்படம். ஆசிரியர் படம் வேண்டும் என்றார்கள். நான் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை. கடையைப் பெரிதாக்கி இரண்டாவது கதவு திறந்த அன்று நீங்களும் நானும் நின்று எடுத்தது மட்டும்தான் தெளிவாக இருந்தது. என்னை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதித்தான் அனுப்பினேன். அச்சகத்தில் இருப்பவர் என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க கை அவர் தோள்மேல இருக்கு. அவரை வெட்டினா உங்க கையும் போயிடும். பரவாயில்லையா?" என்று கேட்டார். கை இல்லாத எழுத்தாளர் என்று யாராவது நினைத்துவிட்டால்? "சரி, அவரும் இருக்கட்டும், நம்ம ஆள்தான்" என்று சொன்னேன். பாசத்தில் சொன்னது. ஆக, மேலே நாம் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம், என் கை உங்கள் தோளில், கீழே தடித்த எழுத்தில் "கொன்றவர் மூத்த மைத்துனர்." நான் வேண்டுமென்று செய்தேனா, நீங்களே சொல்லுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் குற்றமில்லாத காரியங்கள்.

பதிப்பாளர் ஊரிலிருந்து வந்து கட்டைப் பிரித்தவுடன் எனக்குப் போன் வந்தது. "சார், கொலைகாரன் யாருன்னு அட்டையிலயே போட்டிருக்கீங்களே!" "நீங்கதானே உள்ள இருக்கறது வெளிய தெரியணும்னு சொன்னீங்க?" "துப்பறியும் கதை சார்! கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியக் கூடாது!" "தெரியாத சரக்கை எவன் வாங்குவான்?" பிறகு அவர் நிதானமாக, ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரி எனக்கு விளக்கினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அன்று வாடிக்கையாளர் விட்டுப்போன அந்தப் புத்தகத்தை நான் பூட்டுத் தப்பாக இருந்த இடத்தோடு மூடியிருந்தேன், கடைசிப் பக்கத்துக்குப் போகவே இல்லை. தவறு என்னுடையது, ஒப்புக்கொண்டேன். உடனே ஆள் வைத்து எல்லாப் பிரதியிலும் அந்த வரிகளின் மேல் லேபிள் ஒட்ட ஏற்பாடு செய்தேன். அவசரத்துக்குக் கிடைத்தது நம் கடை லேபிள்தான். ஆகவே இப்போது நம் இருவர் படத்துக்குக் கீழே, "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று இருக்கிறது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கீழே என்ன இருக்கிறது என்று நகத்தால் சுரண்டுகிறார்கள். நம் பசை நல்ல பசை, சுரண்டினால் காகிதம்தான் வருகிறது, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரிகிறது. புத்தகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார்: ஆட்கள் வருகிறார்கள், அட்டையைச் சாய்த்துப் பார்க்கிறார்கள், "ஓ, மச்சானா" என்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே யாரும் திறப்பதில்லை.

முழுசாகப் படித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், நம் தெருமுனை முடிதிருத்துபவர். அவர் கடையில் காத்திருப்பவர்களுக்காக ஒரு பிரதி வைத்தேன், கூட்டமில்லாத நேரத்தில் அவரே படித்துவிட்டார். அதற்குப் பிறகு போனபோது பழையபடி அரசியல் பேசவில்லை. "முழுசும் படிச்சேன் சார்" என்றார். "எப்படி?" என்றேன். "உங்களை நான் அப்படி நினைக்கவே இல்ல சார்" என்றார். அடக்கமாக, "ஏதோ, நம்மால முடிஞ்சது" என்றேன். அவர் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கத்தரி மட்டும் போதும் என்று முடித்துவிட்டார். அவருடைய அலமாரிக் கதவு தொங்குகிறதே, கீல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், நீங்க வீட்டுப் பக்கமெல்லாம் வந்து சிரமப்படாதீங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பினார். எழுத்தாளன் என்று ஆகிவிட்டால் மரியாதை கூடிப்போய் நெருக்கம் குறைந்துவிடுகிறது.

உங்கள் பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியாமல் இல்லை. காலை நடைக்குப் போன இடத்தில் ஒருவர் உங்களைப் பார்த்து, "எப்ப சார் வெளிய வந்தீங்க?" என்று கேட்டாராம். கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்போது ஓரடி தள்ளி நின்று பேனாவை நீட்டினாராம். அன்று நீங்கள் போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "மாப்பிள்ளை, நாற்பது வருஷம் கோர்ட்ல நின்னு குற்றவாளிங்க பேரை மூணு தடவை கூப்பிட்டவன் நான். இப்ப என் பேரைத் தெருவே கூப்பிடுது. இனிமே அந்த வீட்டுக்கு என் போன் வராது." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். என் வீட்டுக்கு வராது என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அது உங்கள் தங்கையின் வீடும்தானே.

புத்தகத்தை நீங்கள் அலமாரியின் மேல்தட்டில், பின்னட்டை சுவரைப் பார்க்க வைத்திருப்பதாக அக்கா சொன்னார். தூக்கிப் போடவில்லையே, அதற்கே நன்றி. உங்கள் தங்கை என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறாள், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. "அண்ணன் புத்தகத்தைப் படிச்சாரா?" "அதான் அட்டையைப் படிச்சுட்டாரே, போதாதா?" "நீங்க படிச்சீங்களா?" "நான் எழுதினதை நானே எதுக்கும்மா படிக்கணும்?" ஆசிரியருக்கென்று கொடுத்த பத்துப் பிரதிகளும் பிளாஸ்டிக் உறையோடு கண்ணாடி அலமாரியில் அப்படியே இருக்கின்றன. சீல் பிரித்துவிட்டால் அது பழைய சரக்கு. இதைச் சொன்னால் "ம்" என்பாள். முப்பத்தொரு வருடத்தில் இந்த "ம்"முக்கு மட்டும் எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை.

ஆகவே மச்சான், நான் ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறேன். இரண்டாம் பதிப்பு என்று ஒன்று வந்தால் கொலைகாரரை மாற்றிவிடுகிறேன். ஒப்பந்தக்காரரின் கூட்டாளியைப் போடலாம், சித்தப்பாவைப் போடலாம், எனக்குச் சித்தப்பா யாரும் கிடையாது. புகைப்படத்தில் என் கையோடு சேர்த்து உங்களை வெட்டிவிடச் சொல்கிறேன். நடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும், "படத்தில் இருப்பவருக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை" என்று நானே வந்து சொல்கிறேன். உங்கள் வீட்டு வாசல் கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறதே, அதையும் பார்த்துக் கொடுக்கிறேன். பதிலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது நாற்பது விநாடி. "எந்திரிச்சாச்சா, தண்ணி வந்துச்சா." என் பேச்சையே எடுக்க வேண்டாம். அவள் மூன்று மாதமாக வருத்தத்தில் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் இப்படிக் கேட்டு நீங்கள் பார்த்ததில்லை, நானும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்குப் படியில்லாத பாதைகளே அமையட்டும். உங்கள் பெயர் இனி நல்ல காரியத்துக்கு மட்டுமே கூப்பிடப்படட்டும். மருமகன் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான், கணினியைவிட்டுத் தலையைத் தூக்கியே சொன்னான்.

என்றும் உங்கள் தோளில் கை போட உரிமையுள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: இதற்கு மேல் உள்ளதெல்லாம் உங்கள் தங்கையின் கையெழுத்து, வழக்கம்போல நகல் எடுக்கக் கொடுத்தேன். இது மட்டும் என் கிறுக்கல், பொறுமையாகப் படிக்கவும். நகல் எடுத்துக்கொண்டே வந்தவள் "வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள்" என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. "யாருங்க வாடிப்போனது? நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். "எதுக்கு?" என்றேன். "உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் புத்தகத்தைத் திறக்கறதுக்கு."

அப்புறம் சொன்னாள். நான் எழுதின கடைசி அத்தியாயத்தை அவள் நகல் எடுக்கவே இல்லையாம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதியிருக்கிறாள். "எங்க அண்ணன் மாதிரி ஒரு ஆளாவது, கொலை பண்றதாவது. ஒரு சுத்தியல் வாங்கணும்னா நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பாரு. அதுக்குள்ள அந்த ஒப்பந்தக்காரர் வயசாகியே போய்ச் சேர்ந்திருப்பாரு" என்றாள். "அப்ப பின்னட்டை?" என்றேன். "அது பொய். நீங்க உண்மைன்னு நினைச்சு எழுதின பொய். அதைவிட நல்ல பின்னட்டை எந்தத் துப்பறியும் கதைக்கும் அமையாது. அதான் விட்டுட்டேன்." நாற்பது வருட வியாபாரத்தில் வெளியே ஒன்று ஒட்டி உள்ளே வேறு வைத்து விற்றது இதுதான் முதல்முறை, அதுவும் எனக்கே தெரியாமல்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நூலகத்திலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு கதையையும் நீங்கள் முதலில் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதிவைத்து அவளிடம் கொடுப்பீர்களாமே. ஆறு வருடம். ஒரு கதையைக்கூட அவள் தெரியாமல் படித்ததில்லையாம். "அண்ணன் ஒரே ஒரு கதையையாவது கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியாமப் படிக்கணும். படிச்சு முடிச்ச அன்னிக்குக் காலையில சிரிச்சுக்கிட்டே கூப்பிடுவாரு. அந்தப் போனை நான்தான் எடுக்கணும்" என்றாள். இதற்குத்தான் அந்த டீயும் அந்த இருபது நிமிடமும்.

ஆகவே மேலே நான் சொன்ன ஏற்பாடு, இரண்டாம் பதிப்பு, சித்தப்பா எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வாசல் கதவு மட்டும் நிற்கிறது. மேல்தட்டிலிருந்து புத்தகத்தை இறக்குங்கள். உண்மையான கொலைகாரர் யார் என்று அவள் சொன்னதை வழக்கப்படி இங்கே கீழேயே எழுதிவிட்டேன், பக்கத்தில் நின்றவள் அந்த வரியின் மேல் நம் கடை லேபிளை ஒட்டிவிட்டாள். சுரண்ட வேண்டாம், காகிதம்தான் வரும். வெளிச்சத்திலும் பிடிக்க வேண்டாம், இரண்டு லேபிள் ஒட்டியிருக்கிறாள்.

நானும் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பிரதியின் சீலைப் பிரித்துவிட்டேன். நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். நீங்கள் வேகமாகப் படிக்கிறவர், எனக்கு முன்பே முடித்துவிடுவீர்கள். ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள், அவளிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். தப்பித்தவறி நான் எடுத்துவிட்டால் மட்டும், கடைசியில் நான் எப்படிப் பிடிபட்டேன் என்பதைச் சொல்லிவிடாதீர்கள்.